ஓர் ஆசிரியர், மூன்று வகுப்புகள், ஓர் அறை: பெஞ்சா, ‘ப’ வடிவமா, பாயா?

ஏப்ரல் மாதக் கடைசியில், வெளியூரில் தொழில் செய்து ஓரளவு வசதி கண்டுவிட்ட எங்கள் பள்ளியின் முன்னாள் மாணவர் ஒருவர் வகுப்பறை வாசலில் நின்று உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, “என்ன டீச்சர், பிள்ளைங்க இன்னமும் தரையிலதான் உட்காருதுங்களா? ஜூன்ல பள்ளிக்கூடம் திறக்கிறதுக்குள்ள பத்து செட் பெஞ்சு டெஸ்க் வாங்கி இறக்கிடறேன்” என்றார். ஈராசிரியர் பள்ளிக்கு இப்படி ஒரு வாக்கு வலிய வந்து சேர்வது அரிது. ஆயினும் நான் ஒரு வாரம் அவகாசம் கேட்டேன். “வர்றதை வேண்டாம்னு சொல்லிடாதீங்க டீச்சர்” என்று தலைமையாசிரியர் அன்று மாலையே சொல்லிவைத்தார். அந்த ஒரு வாரத்தில் அளவு நாடாவைப் பிடித்து அறையை அளந்து, பெஞ்சு வரிசை, ‘ப’ வடிவம், பாய் என்னும் மூன்றையும் சாக்பீஸால் தரையில் வரைந்து பார்த்தேன். அப்படிப் பார்த்ததில் தெரிந்தவற்றையும் அதிலிருந்து எடுத்த முடிவையும், இதே தேர்வின் முன் நிற்கும் தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கும் பள்ளிக்கு ஏதேனும் வாங்கித் தர எண்ணுபவர்களுக்கும் பயன்படலாம் என்று எழுதுகிறேன்.

எங்கள் அறை 20 அடிக்கு 20 அடி. கிழக்குச் சுவரில் பெரிய கரும்பலகை இருக்கிறது. வடக்குச் சுவரில் இரண்டு ஜன்னல்கள். தெற்குச் சுவரில், கரும்பலகைக்கு அருகிலேயே, தாழ்வாரத்துக்குப் போகும் கதவும் சற்றுத் தள்ளி ஒரு ஜன்னலும். மேற்குச் சுவரில் சிமென்ட் பலகை வைத்துக் கட்டிய அலமாரி. ஒன்றாம் வகுப்பில் 9, இரண்டாம் வகுப்பில் 8, மூன்றாம் வகுப்பில் 9 என 26 பிள்ளைகள் இந்த அறையில் படிக்கிறார்கள். ஆசிரியர் நான் ஒருத்தி. நான்காம் வகுப்பும் ஐந்தாம் வகுப்பும் அடுத்த அறையில் தலைமையாசிரியரிடம் இருக்கின்றன. இது எங்கள் ஊருக்கு மட்டும் நேர்ந்த குறை அன்று. 1987இல் மத்திய அரசின் கரும்பலகைத் திட்டம் வந்தபோதே ஒரு தொடக்கப் பள்ளிக்குக் குறைந்தது இரண்டு அறைகள், இரண்டு ஆசிரியர்கள் என்றுதான் இலக்கு வைக்கப்பட்டது. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டமும் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள் என்றே கணக்கு வைத்திருக்கிறது. ஐந்து வகுப்புகளை இருவர் பங்கிட்டுக்கொள்வது அந்தக் கணக்குக்குள்ளேயே அடங்கியிருக்கிறது.

வகுப்பறை அமைப்பைப் பற்றிய பேச்சோ பெரும்பாலும், ஒரு வகுப்புக்கு ஓர் ஆசிரியர் இருக்கிறார், அவர் முன்னால் நின்று பேசுகிறார், பிள்ளைகள் அவரையும் பலகையையும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்ற எண்ணத்தில் நடக்கிறது. எங்கள் அறையில் 45 நிமிடப் பாடவேளையை மூன்று வகுப்புகளுக்கும் சமமாகப் பகிர்ந்தால் ஒரு வகுப்புக்கு 15 நிமிடம் கிடைக்கும். மீதி 30 நிமிடமும் அந்தப் பிள்ளைகள் நான் இல்லாமல் வேலை செய்தாக வேண்டும். ஆகவே, நான் பேசும்போது யாருக்கெல்லாம் என் முகம் தெரிகிறது என்பதை நான் முதற்கேள்வியாக வைத்துக்கொள்ளவில்லை. ஒரு குழுவோடு நான் குனிந்து உட்கார்ந்திருக்கும்போது, மற்ற 17 பேர் “டீச்சர், முடிச்சிட்டேன்” என்று வரிசையாக எழுந்து வராமல் அடுத்த வேலையைத் தாங்களே எடுத்துச் செய்ய இந்த அறை இடம் கொடுக்குமா என்று மட்டும் பார்த்தேன். கீழே வரும் ஒப்பீடு முழுவதும் இந்த ஒரே அளவுகோலில் நடப்பது.

தமிழ்நாட்டுத் தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கு இந்த அளவுகோல் புதியதும் அன்று. ஆந்திரத்தின் ரிஷிவேலியில், பல வகுப்புகள் ஒன்றாக அமரும் கிராமப் பள்ளிகளுக்கென்று உருவான முறையைத் தழுவி, 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி 2007-08இல் மாநிலம் முழுவதும் பரவிய செயல்வழிக் கற்றலை நினைத்துப் பாருங்கள். பாட அட்டைகள், எந்த அட்டைக்குப் பின் எது என்று காட்டும் ஏணிப்படி, ஆசிரியர் உதவியுடன், சக மாணவர் உதவியுடன், தானாக என்று பிரித்த குழுக்கள், பிள்ளையின் கைக்கு எட்டும் உயரத்தில் சுவரில் கரும்பலகைப் பெயிண்ட் அடித்த தாழ்பலகை, தலைக்கு மேலே வரைபடங்களைத் தொங்கவிடும் கம்பிப் பந்தல் ஆகிய அனைத்தும் ஆசிரியர் பக்கத்தில் இல்லாத நேரத்தை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை. 2022இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டம் அட்டைகளை மாற்றியது. ஆனால் அரும்பு, மொட்டு, மலர் என்ற கற்றல் நிலைகளின்படி பிள்ளைகளைக் குழுவாக்கச் சொன்னதன் மூலம் இடம் பெயரும் தேவையை அப்படியே வைத்துக்கொண்டது. என் மூன்றாம் வகுப்பில் ஒரு பையன் கணக்கில் மலர், தமிழில் இன்னும் மொட்டு. அவன் ஒரு நாளில் இரண்டு முறையாவது இடம் மாறி உட்கார வேண்டும். அவனைப் போல் ஆறேழு பேர் இருக்கிறார்கள்.

முதலில் பெஞ்சு வரிசையை எடுத்துக்கொண்டேன். மூன்று பேர் அமரும் ஒரு செட் 4 அடி நீளமும், இருக்கையும் மேசையும் சேர்ந்து 3 அடி ஆழமும் கொண்டது. 26 பேருக்கு 9 செட் வேண்டும். மூன்றுக்கு மூன்று என்று போட வேண்டும். அகலத்தில் மூன்று செட்டுக்கு 12 அடி, நடுவில் இரண்டு நடைவழிகளுக்கு 4 அடி போக, இரு பக்கச் சுவர்களுக்கும் தலா 2 அடிதான் மிஞ்சுகிறது. ஒரு பிள்ளை தாழ்பலகையின் முன் நின்று கையை நீட்டி எழுதவும், அவளுக்குப் பின்னால் இன்னொரு பிள்ளை இடிக்காமல் கடக்கவும் குறைந்தது 3 அடி தேவை. அதாவது, பெஞ்சு இறங்கிய அன்றே பக்கச் சுவர்களின் தாழ்பலகைகள் படமாகிவிடும். இதை நான் வரைந்து பார்க்கும் வரை உணரவில்லை. பலகையில் எழுதுவது இந்த வயதில் விளையாட்டு மட்டுமன்று. நோட்டில் எழுதத் தயங்கும் பிள்ளை அழிக்கக்கூடிய இடத்தில் துணிந்து எழுதும், நானும் அறையின் எந்த மூலையிலிருந்தும் அது என்ன எழுதுகிறது என்று பார்த்துக்கொள்ளலாம்.

அடுத்தது உயரம். கடைகளில் செட்டாகக் கிடைக்கும் பெஞ்சின் இருக்கை பெரும்பாலும் 17, 18 அங்குல உயரத்தில் இருக்கிறது. அது உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைக்கு ஏற்றது. முழங்காலுக்குக் கீழான காலின் நீளம் உடல் உயரத்தில் ஏறத்தாழ கால்பங்கு என்று கொண்டால், மூன்றே முக்கால் அடி உயரமுள்ள ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு 11 அங்குலத்தில் இருக்கை வேண்டும். 18 அங்குலப் பெஞ்சில் ஏற்றி உட்காரவைத்தால் கால் தரையைத் தொடாது. தொங்கும் காலை ஆட்டிக்கொண்டே இருக்கும், முன்பெஞ்சை உதைக்கும், பத்து நிமிடத்தில் இறங்கி நின்றுகொண்டு எழுதும். அதைச் சேட்டை என்று கண்டிப்போம். ஒரு கூட்டத்துக்குப் போன இடத்தில், நன்கொடையாக வந்த புதுப் பெஞ்சுகளில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் அத்தனை பேரும் இருக்கையில் முழங்காலிட்டுக்கொண்டு எழுதியதைப் பார்த்தேன். மோவாய் அப்போதுதான் டெஸ்க்கின் விளிம்பைத் தாண்டியது.

வரிசையில் போட்ட பெஞ்சுக்கு நல்ல பக்கம் இல்லை என்று சொல்ல முடியாது. 1981இல் வெளியான ஓர் ஆய்வில், இங்கிலாந்தில் பதினொரு வயதுப் பிள்ளைகளின் இரண்டு வகுப்புகளை முதலில் மேசையைச் சுற்றியும், பின்னர் வரிசையாகவும், மீண்டும் மேசையைச் சுற்றியும் அமரவைத்துப் பார்த்தார்கள். வரிசையில் இருந்தபோது பிள்ளைகள் தங்கள் வேலையில் கவனம் வைத்த நேரம் கூடியது. மேசைக்குத் திரும்பியதும் குறைந்தது. ஒவ்வொருவரும் தனித்தனியாக எழுதவோ கணக்குப் போடவோ வேண்டிய நேரத்துக்கு வரிசைதான் ஏற்றது என்பதை நான் ஏற்கிறேன். மூன்றாம் வகுப்பில் இரட்டைக்கோடு நோட்டிலிருந்து ஒற்றைக்கோட்டுக்கு மாறும்போது மேசையின் விளிம்பு முழங்கையைத் தாங்குவது கையெழுத்துக்கு எவ்வளவு உதவும் என்று எந்த ஆசிரியருக்கும் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் ஆய்வில் இருந்தவர்கள் பதினொரு வயதினர். ஏற்கெனவே படிக்கத் தெரிந்தவர்கள். எழுத்து கூட்டத் தடுமாறும் ஆறு வயதுப் பிள்ளையை வரிசையில் தனியாக உட்காரவைத்தால், அதற்கு உதவக்கூடிய ஒரே ஆள் நானாகிவிடுகிறேன்.

பெஞ்சைப் பற்றிப் பேசும்போது அளவு நாடாவுக்குள் அடங்காத ஒன்றும் இருக்கிறது. “தரையில உட்காரவா பள்ளிக்கூடத்துக்கு அனுப்புறோம்?” என்று பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் ஒரு தாய் கேட்டபோது, நான் செயல்வழிக் கற்றலின் நன்மைகளை விளக்கத் தொடங்கினேன், அது தவறு. பக்கத்து ஊர்த் தனியார் பள்ளியின் வேனில் போகும் பிள்ளை பெஞ்சில் உட்காருகிறது என்பது அவர் கண்ணுக்குத் தெரிகிறது. அதைவிட ஆழமாக, யார் திண்ணையில் உட்காரலாம், யார் தரையில் உட்கார வேண்டும் என்பதைச் சாதி தீர்மானித்த காலத்தைப் பாட்டி வாயிலாகக் கேட்டு வளர்ந்தவர்களுக்குத் தரை என்பது வெறும் தரை அன்று. இதைக் கற்றல் முறையைக் காட்டித் தள்ளிவிடக் கூடாது. பிள்ளைகளைப் பாயில் உட்காரவைத்துவிட்டு ஆசிரியர் மட்டும் நாற்காலியில் இருந்தால் அந்த அறை பழைய படத்தைத்தான் காட்டும். செயல்வழிக் கற்றலில் ஆசிரியரும் பாயில் அமர வேண்டும் என்று வைத்ததை முழங்கால் வலிக்காக நம்மில் பலர் கைவிட்டோம்; எனக்கும் வலி உண்டு. ஆனாலும் பாயைத் தேர்ந்தெடுப்பவர் அந்த விதியையும் சேர்த்தே தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது என் கருத்து.

‘ப’ வடிவத்துக்கு வருவோம். 2025 ஜூலையில், பிள்ளைகளை ‘ப’ வடிவில் அமரவைக்கச் சொல்லிப் பள்ளிக் கல்வித் துறையின் சுற்றறிக்கை வந்தபோது, கடைசிப் பெஞ்சு ஒழிந்தது என்று ஒரு தரப்பும், பிள்ளைகளுக்குக் கழுத்து வலிக்கும் என்று இன்னொரு தரப்பும் தொலைக்காட்சியில் மல்லுக்கட்டினார்கள். இரண்டு தரப்பும் ஓரளவு சரி. எல்லோர் முகமும் தெரிகிறது, ஒருவர் பேசினால் மற்றவர் அவரைப் பார்த்துக் கேட்க முடிகிறது, நடுவில் 12 அடி அளவுக்கு ஆடவும் நடிக்கவும் வெற்றிடம் கிடைக்கிறது. கதை சொல்லவும் பாட்டுப் பாடவும் இதைவிட நல்ல அமைப்பு இல்லை. ஆனால் எங்கள் அறையில் பெஞ்சுகளை மூன்று சுவர்களையும் ஒட்டிப் போட்டால்தான் ‘ப’ வரும். அப்போது வடக்கு, தெற்குப் பக்கத்துத் தாழ்பலகைகளும் மேற்குப் பக்கத்து அலமாரியும் பிள்ளைகளின் முதுகுக்குப் பின்னால் போய்விடும். எழுதும் வெளிச்சமும் கெடுகிறது. கிழக்கு நோக்கி உட்கார்ந்தால் வடக்கு ஜன்னலின் வெளிச்சம் இடப்பக்கமிருந்து விழும், வலக்கையால் எழுதுபவருக்கு நிழல் தட்டாது. ‘ப’வின் வடக்குக் கையில் இருப்பவர்கள் ஜன்னலுக்கு முதுகைக் காட்டுவதால் அவரவர் நிழலே சிலேட்டின் மேல் விழுகிறது, தெற்குக் கையில் இருப்பவர்கள் வெளிச்சத்தை நேருக்கு நேர் பார்த்துக்கொண்டு எழுத வேண்டியிருக்கிறது. இவை எல்லாவற்றையும்விட எனக்குப் பெரிதாகப்பட்டது ஒன்று. ‘ப’ வடிவம் நடுவில் ஓர் ஆசிரியர் நிற்பதற்காக அமைந்தது. அறையில் உள்ள எல்லோரும் ஒரே பேச்சைக் கேட்பதற்காக அமைந்தது. நான் முதல் வகுப்போடு பேசிக்கொண்டிருந்தால் இரண்டும் மூன்றும் எதிரே இருந்து அதை வேடிக்கை பார்க்கும். ஒரு வகுப்பு மட்டும் உள்ள அறையில் நாற்காலிகள் எளிதாக நகருமானால், நாளில் ஒரு வேளை ‘ப’வாக அமர்வதை நான் பரிந்துரைப்பேன், எங்களுக்கு நிலையான அமைப்பாக அது உதவாது.

வட்ட மேசையும் குட்டி நாற்காலியும் என்ற யோசனையை நீண்ட நேரம் எண்ணவில்லை. பார்வைக்கு அழகு, உயரமும் பொருந்தும். ஆனால் வட்டத்தில் உட்காரும் ஆறு பேரில் இரண்டு பேராவது எப்போதும் பலகைக்கு முதுகைக் காட்டுவார்கள். 26 நாற்காலிகளைச் சிமென்ட் தரையில் இழுக்கும் சத்தத்தை ஒரு வகுப்பு தாங்கும். மூன்று வகுப்புகள் ஒன்றாக இருக்கும் அறை தாங்காது. பிளாஸ்டிக் நாற்காலியின் கால் ஒடிந்தால் இருப்புப் பதிவேட்டில் அதைக் கழிப்பதற்குள் இரண்டு கல்வியாண்டுகள் ஓடிவிடும்.

மிஞ்சியது பாய். 6 அடிக்கு 6 அடி பாயின் விளிம்பைச் சுற்றி எட்டுப் பேர் அமர்ந்தால் ஆளுக்கு 3 அடி கிடைக்கிறது; நடுவில் அட்டைகள், விதைகள், மணிச்சட்டம் எல்லாம் பரப்ப இடம் இருக்கிறது. ஒரு குழுவிலிருந்து இன்னொரு குழுவுக்குப் போவதென்றால் பிள்ளை எழுந்து போய் உட்கார வேண்டியதுதான். எந்த மரமும் நகர வேண்டாம். சுவர்களின் தாழ்பலகை முழுவதும் பயன்பாட்டில் இருக்கும். தெரிந்த பிள்ளை தெரியாத பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கப் பக்கத்தில் நகர்ந்து அமர்ந்தால் போதும். இது, மூத்த பிள்ளை இளையவருக்குச் சொல்லித்தரும் நம் திண்ணைப்பள்ளியின் சட்டாம்பிள்ளை வழக்கத்தோடு தொடர்புள்ள பழைய உத்தி. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர்களுக்கான பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல், பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டு அதைத் தம் பள்ளியில் கொண்டுவந்தார். பிள்ளையைக் கொண்டே பிள்ளைக்குச் சொல்லித்தரும் அவருடைய ஏற்பாடு மதராஸ் முறை என்ற பெயரிலேயே இங்கிலாந்துக்குப் போனது. எங்கள் அறையில் இன்றும் ஒன்றாம் வகுப்புக்கு இரண்டு மணல் தட்டுகள் உண்டு. சாப்பாட்டுத் தட்டில் சலித்த ஆற்றுமணல், செலவு ஒன்றுமில்லை.

எந்தப் பாய் என்பது தனி ஆராய்ச்சி. பிளாஸ்டிக் பாய் மலிவு, துடைத்தால் போதும், சோற்றுப் பருக்கை ஒட்டாது. ஆனால் வழவழப்பான தரையில் வழுக்குகிறது, ஒரு கோடையிலேயே மடிப்புகளில் வெடிக்கிறது. கோரைப்பாய் வெயில் காலத்தில் இதமாக இருக்கும்; ஓரத் தையல் விட்டதென்றால் பிள்ளைகளின் விரல் சும்மா இருக்காது, ஒரு மாதத்தில் பாதிப் பாயைக் கோரை கோரையாக உருவிவிடுவார்கள். பவானி ஜமுக்காளம் பல ஆண்டுகள் உழைக்கும், மார்கழிக் காலையில் சில்லென்ற சிமென்ட் தரைக்கு அதுதான் ஏற்றது. ஆனால் தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும், நனைத்தால் காய இரண்டு நாளாகும். ஒரு பிள்ளைக்கு மூச்சிரைப்பு இருந்ததால் ஜமுக்காளத்தைச் சுருட்டி வைத்துவிட்டோம். இப்போது கீழே பிளாஸ்டிக் பாயும் மேலே கோரைப்பாயும் விரிக்கிறோம்; மழை நாளில் காலை உணவும் மதிய உணவும் தாழ்வாரத்தில் போட முடியாமல் அறைக்குள் வந்துவிட்டால், கோரைப்பாயைச் சுருட்டிவிட்டுப் பிளாஸ்டிக் பாயில் பரிமாறுகிறோம்.

பாயின் உண்மையான குறை எழுதும்போதுதான் தெரியும். சம்மணமிட்டு மடியில் சிலேட்டை வைத்து எழுதுவது சிலேட்டு உள்ள வரை சரி. நோட்டு வந்ததும் பிள்ளைகள் குப்புறப் படுக்கிறார்கள், அல்லது முதுகை வில்லாக வளைத்து மூக்கு நோட்டைத் தொடும் வரை குனிகிறார்கள். இதற்குப் பெஞ்சு ஒன்றே மாற்று அன்று. பழைய மளிகைக் கடைகளில் கணக்குப்பிள்ளையின் முன்னால் ஒரு சாய்வு மேசை இருக்கும். தரையில் உட்கார்ந்து எழுதுவதற்கென்றே நம் ஊர்த் தச்சர்கள் செய்தது. முன்பக்கம் 9 அங்குலம், பின்பக்கம் 11 அங்குலம் உயரம், இரண்டு பேர் எழுதும் நீளம் என்று செய்தால் ஒன்றாம், இரண்டாம் வகுப்புக்குப் பொருந்தும். வேலை முடிந்ததும் ஒரு பிள்ளையே தூக்கிச் சுவரோரம் வைத்துவிடலாம். கேட்ட இரண்டு கடைகளிலும் இது கிடைக்கவில்லை. செய்யச் சொல்லித்தான் வாங்க வேண்டும்.

உட்காரும் ஏற்பாட்டைப் பற்றி இவ்வளவு பேசுபவர்கள் பொருள்கள் இருக்கும் இடத்தைப் பற்றிப் பேசுவதில்லை. என் அனுபவத்தில் பாதிக் கூச்சல் அங்கிருந்துதான் பிறக்கிறது. பூட்டிய இரும்பு பீரோவா, திறந்த தட்டா என்பதே கேள்வி. பீரோவுக்குள் வைத்தால் தணிக்கைக்கு வருபவரிடம் புத்தகக் கணக்குச் சரியாக இருக்கும். பிள்ளைகள் அந்தப் புத்தகங்களைக் கண்ணால் பார்க்க மாட்டார்கள். ஒவ்வொரு அட்டைக்கும், ஒவ்வொரு கத்தரிக்கோலுக்கும் என்னிடம் வந்து கேட்டாக வேண்டும். 1939இல் இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்த நாள் முதல், பிள்ளையின் தோளுக்கு மேல் போகாத திறந்த தட்டுகள், ஒவ்வொரு பொருளுக்கும் ஒரே இடம் என்பது நம் ஊரில் அறிந்த செய்திதான். அது கட்டணப் பள்ளிகளுக்குள்ளேயே தங்கிவிட்டது. எங்கள் சிமென்ட் அலமாரியில் கீழ் இரண்டு தட்டுகளைப் பிள்ளைகளுக்கு விட்டுவிட்டு, ஒவ்வொரு பொருளின் வடிவத்தையும் தட்டின் மேல் பெயிண்டால் வரைந்து வைத்தோம். மணிச்சட்டத்தின் நிழல் காலியாகத் தெரிந்தால், அது எங்கே என்று பிள்ளைகளே தேடுகிறார்கள். புத்தகங்களைக் கயிற்றில் தொங்கவிட்டிருக்கிறோம். மாதம் ஒருமுறை மாற்றுவேன். ஆண்டுக்கு நான்கைந்து கிழியும். படித்துக் கிழிந்ததைத் தணிக்கையில் விளக்குவது, படிக்காமலே கரையான் தின்றதை விளக்குவதைவிட எளிது.

சுவர்களில் நிலையான ஓவியமா, மாறிக்கொண்டிருக்கும் படைப்புகளா என்ற தேர்விலும் நான் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டேன். கட்டடத்தையே கற்றல் கருவியாக்கும் திட்டத்தில் கதவு திறக்கும் தரையில் கோணங்களை வரைவதும், தூணில் உயரம் அளக்கக் கோடிடுவதும் நல்ல வேலைகள். அவற்றைப் பிள்ளை கைகாலால் பயன்படுத்துகிறது. எட்டடி உயரத்தில் வரைந்த சிங்கத்தை ஜூலைக்குப் பிறகு யாரும் பார்ப்பதில்லை. 2014இல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் அன்னா ஃபிஷரும் அவருடன் பணியாற்றியவர்களும் 24 மழலை வகுப்புப் பிள்ளைகளைப் படங்கள் நிறைந்த அறையிலும் வெறுமையான அறையிலும் மாற்றி மாற்றி அமரவைத்துப் பாடம் நடத்தினார்கள். வெறுமையான அறையில் 55 விழுக்காடு விடைகள் சரியாக இருந்தன. அலங்கரித்த அறையில் 42. சிறிய ஆய்வுதான். ஆனால் 2015இல் சால்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார் இங்கிலாந்தின் 27 தொடக்கப் பள்ளிகளில் 153 வகுப்பறைகளைப் பார்த்து எழுதியதும் வெற்றுச் சுவரே வேண்டும் என்றன்று; சுவரில் ஒரு பகுதியை, 20 முதல் 50 விழுக்காடு வரை, வெறுமையாக விட வேண்டும் என்றுதான். கல்வி அலுவலர் வருகைக்கு முதல் நாள் இரவு தெர்மாகோலை வெட்டி ஒட்டியவர்களுக்கு இந்தக் கணக்கு கசப்பாக இருக்கலாம். நான் கிழக்குச் சுவரில் கரும்பலகையைச் சுற்றி எதையும் மாட்டுவதில்லை. பிள்ளைகள் வரைந்தவை மேற்குப் பாதியில் கம்பிப் பந்தலில் தொங்கும்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் கதவுக்கு முன்னால் 5 அடிக்கு எதுவும் வரக் கூடாது என்பதை மட்டும் நான் ஒப்பிடவில்லை. அது தேர்வுக்கு உரியதன்று. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் கீற்றுக் கூரை பற்றியெரிந்து 94 குழந்தைகள் இறந்த பிறகு பள்ளிகளின் கூரைகள் மாறின. கதவை மறைக்கும் பீரோக்கள் பல பள்ளிகளில் இன்னும் மாறவில்லை.

ஒரு வாரம் கழித்து அந்த முன்னாள் மாணவரைத் தொலைபேசியில் அழைத்து, பத்து செட் வேண்டாம், மூன்று போதும் என்றேன். மூன்றாம் வகுப்பின் ஒன்பது பேருக்கு 12 அங்குல இருக்கை உயரத்தில், வெல்டிங் பட்டறையில் சொல்லிச் செய்த மூன்று பெஞ்சு டெஸ்க். ஒன்றுக்கும் இரண்டுக்குமாக ஒன்பது சாய்வு மேசைகள். மீதிப் பணத்தில் தாழ்பலகைக்குப் புதுப் பெயிண்ட். பெஞ்சுகள் மூன்றும் தென்மேற்குப் பகுதியில் ஒன்றன்பின் ஒன்றாகக் கிழக்கு நோக்கி நிற்கின்றன. தனியாக எழுத வேண்டிய நேரத்தில் எந்த வகுப்புப் பிள்ளையும் அங்கே போய் உட்காரலாம். வடக்குப் பாதியில் இரண்டு பாய்கள்; பாய்க்கும் ஜன்னலுக்குக் கீழான தாழ்பலகைக்கும் நடுவில் 3 அடி. கரும்பலகையின் முன் 5 அடி அகலத்துக்குக் காலி இடம். பாட்டுக்கும் கதைக்கும் 26 பேரும் அங்கே நெருங்கி உட்காருவார்கள். அவர் சற்று ஏமாற்றத்தோடுதான் கேட்டார்: “உபயம்னு பேர் எழுத மூணு பெஞ்சுதானா டீச்சர்?” சாய்வு மேசைகளின் அடிப்பக்கத்திலும் எழுதிக்கொள்ளச் சொன்னேன்.

இந்த அமைப்பிலும் ஒரு பழுது தெரிகிறது. ஐப்பசி மழையில் வடக்குச் சுவரில் ஓதம் ஏறி, தாழ்பலகையின் பெயிண்ட் பொருக்குத் தட்டும், சாக்பீஸ் பிடிக்காது. அந்த இரண்டு மாதங்களுக்கு எழுதும் வேலையை மேற்குச் சுவருக்கு மாற்ற வேண்டியிருக்கும். அதற்காக அலமாரிக்குப் பக்கத்தில் 6 அடி நீளத்தை ஒன்றும் மாட்டாமல் விட்டு, அங்கும் ஒரு கை கரும்பலகைப் பெயிண்ட் அடித்து வைத்திருக்கிறேன்.